சாலையும் கணக்கும்: மலேசிய அமைச்சர் சாமிவேலுவின் பொதுவாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

மலாயா யாழ்ப்பாணத்தவர்க்கு முற்றிலும் அயலான நாடாக ஒருபோதும் இருந்ததில்லை. 1885ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் தேதி தைப்பிங் நகரிலிருந்து போட் வெல்ட் துறைக்கு அந்நாட்டின் முதலாவது புகையிரதம் ஓடிற்று. ஏறத்தாழ எட்டு மைல் நீளமான அப்பாதையை இட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் ஆவர். அவர்களைத் தொடர்ந்து, மிசன் பள்ளிகளில் ஆங்கிலங் கற்ற நம் நாட்டு இளைஞர் நில அளவையாளராகவும், படவரைஞராகவும், எழுதுவினைஞராகவும், புகையிரத நிலைய அதிபராகவும் கப்பலேறினர். அவர்கள் அனுப்பிய பணமும், பின்னர் அவர்கள் பெற்ற ஓய்வூதியமும் தீபகற்பத்தின் எத்தனையோ ஊர்களில் கல்வீடுகளாயின, கோயில் மதில்களாயின, பள்ளிக்கூட மண்டபங்களாயின. ஆதலின் மலாயாவின் பொதுவேலைகளின் வரலாறு ஒருவகையில் நமது குடும்பங்களின் வரலாறுமாகும்.

அந்நாட்டில் பொதுவேலைகளின் பொறுப்பை வேறெத் தமிழரும் தாங்காத அளவு நெடுங்காலந் தாங்கியவர் ச. சாமிவேலு அவர்கள். அவர் யாழ்ப்பாணத்து வழியினரல்லர். தமிழகத்திலிருந்து இறப்பர்த் தோட்டத்திற்குச் சென்ற தொழிலாளர் குடியிற் பிறந்தவர். படவரைஞராகத் தொடங்கிக் கட்டடக் கலைஞராகி, அரசியலிற் புகுந்து அமைச்சராகி, தேர்தலில் தோற்றபின் கட்டுமானத் துறைக்கே அரசின் சிறப்புத் தூதராகத் திரும்பியவர். இவ்வாழ்வை வெறும் வரிசையாகச் சொல்லிச் செல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அரசியலிலிருந்து கட்டுமானத்திற்குச் செல்லும் ஒருவர் எதனைத் தம்முடன் எடுத்துச் செல்கிறார், எவர்க்குக் கணக்குக் காட்டவேண்டியவராகிறார் என்னும் இரு வினாக்களுக்கு அவ்வாழ்வு தரும் விடைகளை ஆராய்வதே நோக்கமாகும்.

ஆட்சியும் கட்டுமானமும்

இவ்விரு துறைகளும் ஒன்றிலொன்று கலத்தல் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. உருசிய நாட்டை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்தில் அந்நாட்டின் சனாதிபதியான போரிஸ் யெல்த்சின் 1955இல் யூரல் தொழில்நுட்பக் கல்லூரியிற் கட்டடத் தொழில் கற்றுத் தேறியவர். கட்டட வேலைத்தளங்களிற் படிப்படியாக உயர்ந்து, சுவெர்த்லோவ்ஸ்க் நகரின் வீடமைப்பு ஆலைக்கு இயக்குநராகி, 1968இல் கட்சியின் மாகாணக் கட்டுமானப் பிரிவுக்குத் தலைவராகி, 1976இல் அம்மாகாணக் கட்சியின் முதற் செயலாளரானார். அவர் கட்டுமானத்திலிருந்து ஆட்சிக்குச் சென்றார். மாகாண ஆட்சியில் இருந்தோர் பதவி நீங்கியபின் கட்டட நிறுவனங்களின் தலைமைக்குச் செல்லும் எதிர்வழியும் அந்நாட்டில் அரிதன்று.

இதற்குக் காரணம் யாதெனின், கட்டுமானத் தொழிலுக்கு வேண்டியவை மூன்று: நிலம், அனுமதி, பணம். இம்மூன்றின் திறவுகோலும் பெரும்பாலும் அரசின் கையிலேயே இருக்கின்றது. துணி நெய்பவன் தன் துணியை ஆயிரம் பேருக்கு விற்கலாம். பாலங் கட்டுபவனுக்கோ பெரும்பாலும் ஒரே வாங்குநர்தான் உண்டு. அவ்வாங்குநர் அரசாங்கம். ஆகவே, அரசாங்கத்தின் முடிவு எங்ஙனம் பிறக்கின்றது, எந்த மேசையில் தாமதிக்கின்றது, எவருடைய ஒப்பத்துடன் நகர்கின்றது என்பவற்றை அறிந்த மனிதர் கட்டட நிறுவனத்திற்குச் சீமெந்தைப் போலவே இன்றியமையாதவராகின்றார்.

நம் நாட்டிலும் அரசியலாளர் கட்டுவோராக விளங்கியதுண்டு. சட்டசபையில் நெடுங்காலம் வீற்றிருந்த சேர் பொன். இராமநாதன் அவர்கள் 1913இல் மருதனாமடத்தில் பெண்கள் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார்கள். 1950களில் வீடமைப்பு அமைச்சராக இருந்த சேர் கந்தையா வைத்தியநாதன் அவர்கள் திருக்கேதீச்சரத் திருப்பணியை முன்னின்று நடத்தினார்கள். ஆனால் இவர்கள் செய்தது அறப்பணி. தம் பொருளையும் அன்பர் மனமுவந்தளித்த பொருளையும் கொண்டு அதனைச் செய்தனர். பொதுப்பணத்தையும், இன்னும் பிறவாத தலைமுறை செலுத்தப்போகும் சுங்கத்தையும் கொண்டு கட்டும் இக்கால அமைச்சரின் நிலை வேறு. திருப்பணி செய்வோனிடம் ஊர் நன்றி பாராட்டும். பொதுப்பணி செய்வோனிடமோ கணக்குக் கேட்கும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு சாமிவேலுவின் வாழ்வை நோக்குவோம்.

தோட்டத்திலிருந்து அமைச்சரவைக்கு

சாமிவேலு 1936ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8ஆந் தேதி ஜொகூர் மாநிலத்தைச் சேர்ந்த குளுவாங்கிற் பிறந்தார். தந்தையார் இறப்பர் மரத்திற் பால்வெட்டிய தொழிலாளி. அக்காலத் தோட்டம் தனக்கெனத் தனியுலகாக இருந்தது. லயம், தமிழ்ப் பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை ஆகிய நான்கும் அதன் எல்லைகள். அங்குப் பிறந்த பிள்ளை வெளியேறுதற்குக் கல்வியன்றி வேறு வழியிருக்கவில்லை; அக்கல்வியோ பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிடும். சாமிவேலு இளமையில் பஸ் நடத்துநராகவும் வேறு சிறு பணிகளிலும் உழைத்தார். பின்னர்ப் படவரைஞர் தொழிலைக் கற்று, வரைபலகையின் முன்னமர்ந்து கட்டடங்களின் அளவுகளை வரைந்தார். கட்டடக் கலையை முறையாகப் பயின்று, பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் உறுப்புரிமையும் பெற்றார். இடையில் மலேசிய வானொலியிலும் தொலைக்காட்சியிலுந் தமிழ்ச் செய்தி வாசித்தார். அக்குரலே நாடெங்குமுள்ள தோட்டங்களுக்கு அவரை முதலில் அறிமுகஞ் செய்தது.

1959இல் அவர் மலேசிய இந்தியர் காங்கிரசில், அஃதாவது ம.இ.கா. என வழங்கும் கட்சியிற் சேர்ந்தார். 1974ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்றார். அத்தொகுதிக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. ம.இ.கா.வின் முந்தைய தலைவரும், சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவருமான வீ. தி. சம்பந்தன் அவர்களின் தொகுதி அது. சம்பந்தனும் பொதுவேலை அமைச்சராக நெடுங்காலம் இருந்தவரே. தொகுதி, அமைச்சு, கட்சித் தலைமை என்னும் மூன்றையும் சாமிவேலு தமக்கு முன்னோரிடமிருந்து மரபுரிமைபோலப் பெற்றார் எனலாம்.

1979ஆம் ஆண்டு அவர் முழு அமைச்சரானார். அதே ஆண்டு ஒக்ரோபர் மாதம் கட்சித் தலைவர் மாணிக்கவாசகம் அவர்கள் மறைந்தபோது, தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1983 முதல் 1989 வரை பொதுவேலை அமைச்சர். 1989 முதல் 1995 வரை எரிபொருள், தொலைத்தொடர்பு, தபால் அமைச்சர். 1995 முதல் 2008 வரை மீண்டும் பொதுவேலை அமைச்சர். அமைச்சரவையில் 29 ஆண்டுகளும், கட்சித் தலைமையில் 31 ஆண்டுகளும் ஒருவர் நிலைத்திருத்தல் எந்நாட்டிலும் எளிதில் நிகழ்வதன்று.

சாலைகளின் காலம்

அவர் அமைச்சராக இருந்த காலமே மலேசியா தன் முகத்தை மாற்றிக்கொண்ட காலம். பினாங்குத் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் 1985இற் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதன் முழு நீளம் 13.5 கிலோமீற்றர், அதில் 8.4 கிலோமீற்றர் கடலின்மேற் செல்கின்றது. வடக்கே தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 770 கிலோமீற்றர் ஓடும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் வெள்ளத்தையும் வாகனத்தையும் ஒரே குகைவழியிற் செலுத்தும் 9.7 கிலோமீற்றர்ச் சுரங்கம் 2007இற் பயன்பாட்டுக்கு வந்தது. இவற்றுள் ஒவ்வொன்றுந் தனியொருவரின் ஆக்கமன்று. பொறியியலாளர், பல அமைச்சுகள், பிரதமரின் உறுதி, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த கூலியாட்கள் ஆகிய யாவருங் கூடியே இவற்றைச் செய்தனர். ஆயினும் அமைச்சர் வரைபடத்தைத் தாமே வாசிக்க வல்லவராக இருந்தமை சிறு நன்மையன்று. தூணின் அளவையும் வளைவின் ஆரத்தையும் அறிந்த அமைச்சரிடம் ஒப்பந்தக்காரர் எதையுஞ் சொல்லித் தப்புதல் அரிது.

ஈண்டு வாசகர் அறியவேண்டிய முக்கியமான செய்தி, இச்சாலைகள் எம்முறையிற் கட்டப்பட்டன என்பதாகும். முன்னாளில் அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து சாலை அமைத்தது. மக்கள் இலவசமாகச் சென்றனர். 1980களின் நடுவில் வெள்ளீயம், இறப்பர், செம்பனை எண்ணெய் ஆகியவற்றின் விலை வீழ்ந்தபோது மலேசிய அரசின் வருவாய் சுருங்கிற்று. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையோ குறையாய்க் கிடந்தது. அப்போது தனியார்மயம் என்னுங் கொள்கை கைகொடுத்தது. அதன்படி ஒரு நிறுவனம் வங்கிகளிற் கடன் பெற்றுச் சாலையைக் கட்டும். குறித்த ஆண்டுகள் வரை அச்சாலையிற் செல்லும் வாகனங்களிடம் சுங்கம் வாங்கிக் கடனையும் வட்டியையும் ஈடுசெய்து இலாபமும் எடுக்கும். தவணை முடிந்ததும் சாலையை அரசிடம் ஒப்படைக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு 1988இல் வழங்கப்பட்ட தவணை 30 ஆண்டுகள். அது பின்னர் நீட்டிக்கப்பட்டது.

இம்முறையின் நுட்பம் ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கின்றது. எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை சுங்கம் உயரும், எவ்வளவு உயரும் என்பன முன்னரே எழுதப்படும். மக்கள் வெறுப்புக்கு அஞ்சி அரசாங்கம் அவ்வுயர்வைத் தடுத்தால், நிறுவனத்துக்கு நேரும் நட்டத்தைத் திறைசேரியிலிருந்து ஈடுசெய்தல் வேண்டும். எனவே சாலையிற் செல்பவன் செலுத்தாததை, சாலைப்பக்கமே வராதவனும் வரியாகச் செலுத்துகிறான். நட்டத்தின் அச்சம் பொதுமக்கள் மேலும், இலாபத்தின் உறுதி நிறுவனத்தின் மேலும் சாயுமாயின், அதனைத் தனியார் முயற்சி என்று பெயரிடுதல் பொருந்துமா என்பது பொருளியல் மாணவர் சிந்திக்கவேண்டிய வினா.

கணக்குக் கேட்டவர்கள்

அவ்வினாவை மலேசியாவில் முதன்முதலில் நீதிமன்றத்தில் எழுப்பியவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த லிம் கிட் சியாங். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஒப்பந்தம், ஆளுங் கூட்டணியின் தலைமைக் கட்சியோடு தொடர்புடைய நிறுவனத்துக்கு வழங்கப்படுகின்றது என்று கூறி, 1987இல் அவர் வழக்குத் தொடுத்தார். இடைக்காலத் தடையும் பெற்றார். ஆனால் 1988இல் உயர் மேன்முறையீட்டு மன்றம் மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் அவ்வழக்கைத் தள்ளிற்று. ஒப்பந்தஞ் சரியா பிழையா என்பதன் மேல் அன்று முடிவு எழவில்லை. அதனைக் கேட்கும் தகுதி வழக்காளிக்கு உண்டா என்பதன் மேலேயே எழுந்தது. வரி செலுத்தும் குடிமகனும் பாராளுமன்ற உறுப்பினரும் அரசின் ஒப்பந்தத்தைக் குறித்து நீதிமன்றத்திற் கேள்வி கேட்கும் உரிமை எவ்வளவு குறுகியது என்பதை அத்தீர்ப்பு காட்டிற்று. அப்போது பொதுவேலை அமைச்சர் சாமிவேலு.

இருபது ஆண்டுகள் கழித்து அதே வினா தெருவில் எழுந்தது. 2007 சனவரி முதலாந் தேதி கோலாலம்பூரைச் சூழ்ந்த நெடுஞ்சாலைகள் சிலவற்றில் சுங்கம் உயர்ந்தது. டமன்சாரா பூச்சோங் நெடுஞ்சாலையில் அது ஒரு ரிங்கிட்டிலிருந்து ஒரு ரிங்கிட் அறுபது சென்னாயிற்று. உயர்வுக்குக் காரணமான ஒப்பந்தமோ அரசாங்க இரகசியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்தது. எதிர்க்கட்சியினர் அதனைப் பெற்று வெளியிட்டபோது, அதில் எழுதியிருந்தது சரியா என்பதிலும், அதனை வெளியிட்டது குற்றமா என்பதே பெரிய விவாதமாயிற்று. நாள்தோறும் அச்சாலையிற் சென்று பணஞ் செலுத்துபவன், தான் எதற்காக எவ்வளவு காலம் செலுத்தவேண்டும் என்பதை வாசிக்க உரிமையற்றவனாக இருந்தான்.

கட்டட வேலையின் தரமும் கேள்விக்குள்ளாயிற்று. கோலாலம்பூரின் கெப்போங் பகுதியில் நடுவட்டச் சாலையின் மேம்பாலத்தில் வெடிப்புகள் காணப்பட்டன. 2004இலும் 2006இலும் அது மூடப்பட்டது. அதன் 33 தூண்களுள் 31இல் வெடிப்பு இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. காரணம் எதுவென்பதிற் பொறியியலாளர் கருத்து வேறுபட்டது. சீமெந்துக் கலவையின் குறை என்றனர் சிலர். தூணின் கம்பிகள் குறுக்குச் சட்டத்திற் போதிய ஆழம் பதியவில்லை என்றனர் வேறு சிலர். வடிவமைத்தவர், கட்டியவர், மேற்பார்த்தவர் ஆகிய மூவருள் யார் பொறுப்பாளி என்பது துலங்காத நிலையில், மக்கள் பார்வை இயல்பாகவே அமைச்சரை நோக்கித் திரும்பிற்று. வரைபடத்தை வாசிக்க வல்ல அமைச்சர் என்னும் புகழுக்கு இஃது ஓர் எதிர்விளைவு. அறியாத அமைச்சரை மக்கள் மன்னிப்பர். அறிந்தவர் என்று பெயர்பெற்றவரிடம் கூடுதலான விடையை எதிர்பார்ப்பர்.

தம் மக்களுக்குச் செய்தவை

சாமிவேலு நாட்டுக்கு அமைச்சர் மட்டுமல்லர்; மலேசிய இந்தியரின் அரசியல் தலைவருமாவார். அவர்களுட் பெரும்பாலார் தமிழர். தமிழருட் பெரும்பாலார் தோட்டத் தொழிலாளர் வழியினர். சுதந்திரத்தின் பின் ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் வீடுவாசல் இழக்கும் நிலை எய்தினர். அப்போது சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் சிறுதொகைகளைச் சேர்த்து, அவர்கள் உழைத்த தோட்டங்களையே அவர்கள் பெயரில் வாங்கினார். அமைச்சுப் பதவியினும் அச்சங்கமே அவர் பெயரை நிலைநிறுத்திற்று.

சாமிவேலு வேறுவகையான முயற்சியை மேற்கொண்டார். காலம் மாறிவிட்டது, இந்தியரும் நவீன வாணிகத்திற் பங்குபெற வேண்டும் என்பது அவர் கருத்து. 1980களின் முற்பாதியில் மைக்கா என்னும் முதலீட்டு நிறுவனம் தோன்றிற்று. பல்லாயிரங் குடும்பங்கள், அவற்றுள் நகையை அடகுவைத்துப் பணங் கொடுத்த தோட்டக் குடும்பங்களும் உட்பட, அதன் பங்குகளை வாங்கின. சேர்ந்த தொகை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்டது. ஆனால் நிறுவனம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1990இல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்குகள் விற்பனைக்கு வந்தபோது மைக்காவுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கோடிப் பங்குகளுள் பத்து இலட்சமே அதனை அடைந்தன. ஏனையவை வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றன. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்து, குற்றஞ் சாட்ட ஆதாரமில்லை என்று முடித்தது. சட்டத்தின் முன் அவ்விடயம் அங்கு முடிந்தது. பங்கு வாங்கிய குடும்பங்களின் மனத்தில் முடியவில்லை. சம்பந்தனின் சங்கத்தில் தொழிலாளி தன் பணம் எந்தத் தோட்டமாயிற்று என்பதைக் கண்ணாற் கண்டான். மைக்காவில் அவன் கண்டது ஒரு காகிதம். இரண்டிற்கும் இடையிலான தூரமே கணக்கின் தூரம்.

கல்வித் துறையில் அவர் நிறுவியவை நிலைத்துநிற்கின்றன. 1984இல் தோன்றிய கல்வி மேம்பாட்டு நிறுவனத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான மாணவர் கடனுதவி பெற்றனர். 2001இல் கெடா மாநிலத்தில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் முதலியன கற்பிக்கும் அப்பல்கலைக்கழகத்திற்குப் பிடோங் அருகே விரிந்த நிலத்தில் நிலையான கட்டடங்கள் எழுந்தன. கட்டடக் கலைஞரும் அரசியலாளரும் ஒருவருக்குள் உடன்பட்டுச் செயற்பட்ட இடம் அதுவே என்று கூறுதல் பொருந்தும். நிலத்தைப் பெற அரசியல் உதவிற்று. கட்டி முடிக்கத் தொழிலறிவு உதவிற்று. பயனை மக்கள் கண்டனர்.

ஆயினும் சாலைகள் பெருகிய அதே காலத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. நெடுஞ்சாலை செல்லுமிடமெல்லாம் அயலிலுள்ள நிலத்தின் விலை ஏறிற்று. விலை ஏறிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும், தொழிற்பேட்டைகளாகவும், கொல்ப் விளையாட்டுத் திடல்களாகவும் மாறின. மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் சிறு இழப்பீட்டோடு நகரின் ஓரங்களுக்குச் சென்றன. தோட்டத்தோடு பள்ளிக்கூடமும் கோயிலும் நிலமற்றவையாயின. ஆகவே சாலை அமைத்த அமைச்சரின் சொந்த மக்களுக்கு, அச்சாலை பலவிடங்களில் வீட்டை விட்டு வெளியேறும் வழியாக முடிந்தது. இதற்கு அவரொருவரே காரணர் என்பது நேர்மையன்று. நிலமும் நகர வளர்ச்சியும் மாநில அரசுகளின் கையில் இருந்தன. ஆனால் அம்மக்கள் சார்பில் அமைச்சரவையில் இருந்த குரல் அவருடையதே என்பதையும் மறுத்தல் இயலாது.

தோல்வியும் தூதும்

2007 நவம்பர் 25ஆந் தேதி பல்லாயிரம் இந்தியர் கோலாலம்பூர்த் தெருக்களிற் கூடினர். இண்டிராப் என்னும் இயக்கம் அவர்களை அழைத்தது. கோயில்கள் இடிக்கப்பட்டமை, கல்வியிலும் வேலையிலும் வாய்ப்பின்மை, வீடின்மை ஆகியனவே அவர்தம் முறைப்பாடுகள். 2008 மார்ச்சு 8ஆந் தேதி பொதுத் தேர்தல் நடைபெற்றது. அன்று சாமிவேலுவுக்கு 72 வயது நிறைந்த நாள். எட்டுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்ற சுங்கை சிப்புட் தொகுதியில், மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த மருத்துவர் மைக்கல் ஜெயக்குமாரிடம் 1,821 வாக்குகளால் அவர் தோற்றார். ஜெயக்குமார் பல ஆண்டுகளாகத் தோட்டத் தொழிலாளரின் வீட்டுரிமைக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் உழைத்தவர். நெடுஞ்சாலைகளின் அமைச்சரை ஒரு வீட்டுரிமைப் போராளி வென்றார் என்பது வரலாற்றின் தற்செயலன்று. வாக்காளர் அளித்த தெளிவான விடை.

2010 டிசெம்பரில் அவர் கட்சித் தலைமையை நீத்தார். 2011ஆம் ஆண்டு மலேசிய அரசாங்கம் அவரை, அமைச்சருக்குரிய தகுதியோடு, இந்தியாவுக்கும் தென்னாசியாவுக்குமான உட்கட்டமைப்புச் சிறப்புத் தூதராக நியமித்தது. மலேசியக் கட்டுமான நிறுவனங்கள் முன்னரே அயல்நாடுகளிற் சாலை அமைக்கச் சென்றுகொண்டிருந்தன. மேற்கு வங்காளத்திற் பனாகரையும் பல்சித்தையும் இணைக்கும் நெடுஞ்சாலைப் பகுதியை 2000களின் முற்பாதியில் மலேசிய நிறுவனங்களே கட்டின. அங்குக் கையாளப்பட்ட முறை வேறு: நிறுவனம் வாகனங்களிடம் சுங்கம் வாங்காது, இந்திய நெடுஞ்சாலை அதிகாரசபை தவணைதோறும் நிறுவனத்துக்கு நிலையான தொகை செலுத்தும். இத்தகைய பணிகளை மேலும் பெறுதற்குத் தூதர் உதவவேண்டும் என்பதே நோக்கம்.

இப்பதவியின் இயல்பைச் சிறிது ஆராய்தல் தகும். அமைச்சர் என்பவர் வாங்குபவர், ஒப்பந்தக்காரர் விற்பவர். முப்பது ஆண்டுகள் வாங்குபவராக இருந்தவர் இப்போது விற்பவரின் பக்கம் வந்தார். பிறநாட்டு அமைச்சர்களை அவர் அறிவார். கேள்விப்பத்திரம் எங்ஙனம் எழுதப்படும் என்பதை அறிவார். தமிழிற் பேசிச் சென்னையிலும், ஆங்கிலத்திற் பேசி தில்லியிலும் காரியம் பார்க்கும் வல்லமை அவருக்குண்டு. இவையெல்லாம் அவர் எடுத்துச் சென்ற முதல். இம்முதல் தனியாருக்குரியதா, பொதுவுக்குரியதா? அரசாங்கமே அவரைத் தூதராக நியமித்தமையால், அவர் மறைவாக ஒரு கொம்பனியின் ஊதியத்துக்குப் போனார் என்று சொல்லுதற்கில்லை. அஃது ஒளிவற்ற முறை. அதேவேளை, பயன் பெறுவது தனியார் நிறுவனங்கள். தூதரின் செலவோ பொதுமக்களுடையது. இவ்விரண்டும் எதிர்நிற்கும் தராசில் முள்ளை யார் பார்ப்பது என்பதற்கு எந்நாட்டிலும் இன்னும் நிறைவான விடை காணப்படவில்லை. சில நாடுகள், பதவி நீங்கிய அமைச்சர் தாம் ஆண்ட துறையிற் பணியேற்குமுன் சில காலம் கழியவேண்டும் என விதித்திருப்பது இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே ஆகும்.

சாமிவேலு 2022 செப்டெம்பர் 15ஆந் தேதி தமது 86ஆம் வயதிற் காலமானார். கட்சி வேறுபாடின்றிப் பலரும் அஞ்சலி செலுத்தினர்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வாழ்வைச் சீர்தூக்கும்போது, தோட்டத்து லயத்திற் பிறந்த ஒரு சிறுவன் நாட்டின் பெருஞ்சாலைகளை வகுக்கும் மேசைவரை சென்ற உழைப்பை வியவாதிருத்தல் இயலாது. அவர் காலத்து நெடுஞ்சாலையில் இன்றும் இலட்சக்கணக்கான வாகனங்கள் ஓடுகின்றன. அவர் நிறுவிய பல்கலைக்கழகத்திலிருந்து மருத்துவர் வெளிவருகின்றனர். ஆயினும் மக்கள் அவரிடம் இறுதியிற் கேட்டது எத்தனை கிலோமீற்றர் என்பதன்று. எங்கள் பணம் எங்கே, எங்கள் வீடு எங்கே, அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்றே கேட்டனர். தொழிலறிவு பாலத்தைத் தாங்கும். நம்பிக்கையைத் தாங்குவதற்குக் கணக்கு வேண்டும்.

இஃது எங்கோ நிகழ்ந்த கதையென நாம் இருந்துவிடலாகாது. நீண்ட போரின் பின் நம் தீபகற்பத்திற் பாலங்களும் சாலைகளும் மீள எழுந்தன. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்டது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்ரோபர் 13ஆந் தேதி மீண்டும் ஓடிற்று. இந்தியாவின் கடனுதவியோடு அந்நாட்டு அரச நிறுவனமாகிய இர்க்கொன் அப்பாதையை இட்டது. ஒரு காலத்தில் இலங்கையர் மலாயாவிற் பாதையிட்டனர்; இன்று அயலார் வந்து நமக்குப் பாதையிடுகின்றனர். இரண்டிலும் பணம் கடனாகவோ வரியாகவோ எவர் தலையிலோ இறங்குகின்றது.

எம் மாணவருட் பலர் பொறியியலாளராவர், சிலர் நிருவாகிகளாவர், ஒருசிலர் அரசியலிலும் புகுவர். அவர்கள் எந்தப் பெருவேலையின் முன் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுதல் நன்று. இவ்வேலை வேண்டுமென்று கேட்டவர் யார்? இதற்கான பணத்தை எத்தனை ஆண்டுகளுக்கு யார் செலுத்தப்போகிறார்? ஒப்பந்தத்தைச் சாதாரண மனிதன் தன் மொழியில் வாசிக்க முடியுமா? இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பெரும் பதவி வேண்டியதில்லை. கிராமச் சங்கத்தின் மதகுக்கும், பள்ளிக்கூடத்தின் புதிய மண்டபத்துக்கும், கோயில் இராசகோபுரத் திருப்பணிக்கும் இவை ஒருங்கே பொருந்தும். சிறிய வேலையில் இக்கேள்விகளைக் கேட்டுப் பழகிய சமுதாயமே, பெரிய வேலை வரும்போது அவற்றைத் துணிந்து கேட்கும்.